பெயர்களுக்கு மேலே ஒரு வீடு

எங்களுக்கு அந்த வீடு வேலையோடு சேர்ந்துதான் கிடைத்தது. ஜேர்மனியில் எசனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே பழைய படைவீரர் சங்கத்துக்குச் சொந்தமான மண்டபம் ஒன்று இருந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் அந்த ஊரிலிருந்து போய்த் திரும்பி வராதவர்களின் நினைவாக வைத்திருந்த மண்டபம். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஹவுஸ்மைஸ்டர் தேவைப்பட்டது. மேல்மாடியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் அவர் குடும்பத்தோடு இருந்துகொள்ளலாம்.

அது இரண்டாயிரமாம் ஆண்டு. என் கணவர் அதுவரை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி இடுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் விசா வருடத்துக்கு வருடம் நீட்டுகிற விசா. ஒவ்வொரு முறையும் டேர்மின் எடுத்து, கொடுத்த நேரத்துக்கு விசா அலுவலகத்துக்குப் போனால், வேலை இருக்கிறதா, சொந்த முகவரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த மண்டபம் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே தந்தது. மகளுக்கு ஒன்பது வயது. வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை.

வேலை கணவரின் பெயரில். ஆனால் அவரால் குனிய முடியாது. அதனால் கூட்டுவதும் துடைப்பதும் என்னுடையதாயிற்று.

மண்டபத்தின் வாசலுக்கு நேரே உள்ள சுவரில் ஓக் மரப் பலகைகள் மாட்டியிருந்தன. அவற்றில் பழைய ஜேர்மன் எழுத்தில் பெயர்கள் வெட்டியிருந்தார்கள். கூரையிலிருந்து என் இடுப்பு உயரம் வரைக்கும் பெயர்கள்தான். சங்கத்தின் கிழவர்கள் மாதம் ஒருமுறை வந்து பியர் குடித்துச் சீட்டு விளையாடுவார்கள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து மலர்வளையம் வைப்பார்கள். நாங்கள் அங்கே குடிபோன வருடம் நீள மேசை ஒன்று அவர்களுக்குப் போதாமல் இருந்தது. பிறகு அந்த மேசையின் ஒரு மூலை போதும் என்றாகிவிட்டது.

ஆட்கள் குறைந்ததும் மண்டபம் சும்மா கிடந்தது. சங்கத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. எழுபத்தைந்து தாண்டிய மனிதர். இடது கால் மடங்காது. தடியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நடப்பார். ஒருநாள் என் கணவரைக் கூப்பிட்டு, "உங்கள் ஆட்கள் பெரிய கொண்டாட்டங்கள் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு மண்டபம் தேவைப்படுமா?" என்று கேட்டார்.

என் கணவர் ஒருவரிடம்தான் சொன்னார். அடுத்த கிழமையே ரூர் பகுதி முழுவதும் தெரிந்துவிட்டது. டோர்ட்முண்டிலிருந்து வந்தார்கள், வுப்பெற்றாலிலிருந்து வந்தார்கள். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானால் வைக்கிற சாமத்திய வீடு, பிறந்தநாள். சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பாடசாலை. எங்கள் சனங்கள் அதைச் 'செத்த ஆக்களின்ர ஹோல்' என்று சொன்னார்கள். சொல்லிக்கொண்டே வந்து எடுத்தார்கள். அந்த அளவு பெரிய இடமும், சமைத்த சாப்பாட்டை உள்ளே கொண்டுவர விடுகிற இடமும் வேறு இருக்கவில்லை.

முதல் சாமத்திய வீட்டிலேயே பிரச்சினை வந்தது. பிள்ளையின் மாமிமார் வந்து பலகைகளைப் பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துக்கு உதுக்கு முன்னால பிள்ளையை இருத்தேலாது" என்றார்கள். நாலைந்து காஞ்சிபுரம் சேலைகளைக் குண்டூசியால் இணைத்துச் சுவர் முழுவதையும் மூடினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாழ்த்துச் சொல்ல வந்த தலைவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. என்னைத் தேடி மண்டபத்துக் குசினிக்கு வந்து, "அதை எடுக்கச் சொல்லுங்கள். அவர்களை யாரும் மூடக் கூடாது" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். "அக்கா, நீங்கள் எங்கட ஆளோ அவையின்ர ஆளோ?" என்று ஒரு மாமி கேட்டா.

அந்தக் கேள்வியைப் பிறகு பல வருடம் பல வாயிலிருந்து கேட்டேன். அன்றைக்குச் சேலைகளைக் கழற்றினோம். பலகைகளுக்கு முன்னால் குத்துவிளக்கும் பூச்சாடிகளும் வைத்துச் சமாளித்தோம். அதுவே வழக்கமாயிற்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள அல்பங்களில், அந்த மண்டபத்தில் எடுத்த படங்களில், தங்க நகை போட்ட பெண்பிள்ளைகளின் தலைக்கு மேலே ஜேர்மன் பெயர்கள் வரிசையாய்த் தெரியும்.

வீடு மண்டபத்துக்கு மேலே என்றால் எப்படி இருக்கும் என்பது போய் இருந்த பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குத் தனிவாசல் இல்லை. கடைக்குப் போவதென்றாலும் மண்டபத்தின் நடுவால் இறங்கித்தான் போக வேண்டும். கீழே கொண்டாட்டம் என்றால் ஒன்று மேலே அடைந்து கிடக்க வேண்டும், அல்லது கூட்டத்துக்குள்ளால் வீட்டுச் சட்டையோடு போக வேண்டும். போனால் யாராவது பிடித்துக்கொள்வார்கள். "அக்கா, வாளி ஒண்டு தாங்கோ." "அக்கா, ரொய்லெற் அடைச்சுப் போச்சு." "அக்கா, ஹீற்றரைக் கூட்டிவிடுங்கோ." அவ்வளவு கலியாணங்கள் நடந்தும் ஒன்றிலும் நான் சேலை கட்டி இருந்து சாப்பிட்டதில்லை. இலண்டனில் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் வந்தபோது, அதே சனிக்கிழமை மண்டபம் வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. போனில் ஆசீர்வதித்தேன். கீழே நாதஸ்வர சீடி அலறிக்கொண்டிருந்ததால் என் தங்கைக்கு நான் சொன்னது கேட்கவில்லை.

மகள் என்னைவிட மோசமாக நொந்தாள். "என்ர பிரெண்ட்ஸ் நாங்கள் கல்லறையில இருக்கிறம் எண்டு சொல்லுகினம்" என்பாள். அவளுடைய சாமத்திய வீட்டை அங்கே வைக்கவே கூடாது என்று அடம்பிடித்தாள். வைத்தோம். இருக்கிற மண்டபத்தை விட்டு வேறு மண்டபம் எடுத்தால் சனம் சிரிக்கும் என்றார் கணவர்.

வேறு வேலை தேடலாம் என்று நானும் அவரும் எத்தனையோ தரம் கதைத்தோம். வேலையை விட்டால் வீடு போகும். வீடு போனால் விசாவை நீட்ட முகவரி இல்லை. கதை அங்கேயே வந்து நிற்கும். பிறகு தேத்தண்ணீர் போட எழும்புவேன்.

பலகைகளுக்கு வருடம் ஒருமுறை, நவம்பர் ஞாயிறுக்கு முதல், துணியால் எண்ணெய் பூச வேண்டும். அந்த எழுத்துகளை மகள்தான் எனக்கு வாசித்துக் காட்டிப் பழக்கினாள். ஒரு வருடம் மூன்றாவது பலகையைத் துடைக்கும்போது ஒரு பெயரில் கை நின்றது. முதல் பெயரும் குடும்பப் பெயரும் எனக்குத் தெரிந்தவை. எங்கள் வேலை ஒப்பந்தத்தில் தலைவரின் கையெழுத்துக்குக் கீழே இருக்கிற பெயர். அன்றைக்கு மாலை தலைவர் வந்தபோது கேட்டேன்.

"இது உங்கள் அப்பாவா?"

"இல்லை. நான்தான்."

என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார். போரின் கடைசிக் காலத்தில் அவரும் அவருடைய பிரிவும் ரஷ்யாவில் பிடிபட்டிருக்கிறார்கள். வருடக்கணக்காய்ச் சிறைமுகாம். வீட்டுக்கு ஒரு செய்தியும் போகவில்லை. இறந்துவிட்டான் என்று இங்கே முடிவு செய்துவிட்டார்கள். அவர் ஊருக்கு வந்து சேர்ந்தபோது பலகை மாட்டி முடிந்திருந்தது.

"பிறகு ஏன் எடுக்கவில்லை?"

"எடுத்தால் மரத்தில் பள்ளம் தெரியும் என்று தச்சன் சொன்னான். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். எப்படியும் ஒருநாள் தேவைப்படும்தானே."

அது இலங்கையில் போரை நிறுத்தியிருந்த சமாதானக் காலம். ஊருக்குப் போன் எடுக்க முடிந்தது. என் தம்பி கிளிநொச்சியில் இருந்தான். உழவு இயந்திரம் ஓட்டினான், கலியாணம் செய்து ஒரு பெண்பிள்ளையும் பிறந்திருந்தது. அவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, அந்த மனுசனிட்டச் சொல்லி எனக்கும் அதில ஒரு இடம் பிடிச்சு வையுங்கோ" என்றான். வாயை மூடு என்று ஏசினேன்.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தபோது ஊரில் மறுபடி போர், தம்பியின் போன் வேலை செய்யவில்லை. ஊர் ஊராய்ச் சனம் இடம்பெயர்ந்துகொண்டே போகிறது என்று செய்தி வந்தது. எங்கள் ஆட்கள் டுசில்டோர்வில் ரோட்டுக்கு இறங்கிக் கத்தினார்கள். சிலர் மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிக் கொண்டாட்டத்தை நிறுத்தினார்கள். சிலர் நிறுத்தவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்றார்கள். அதுவும் சரிதான். மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கீழே ஒரு முதலாம் பிறந்தநாள். பலூன் வெடிக்கிற சத்தம். மேலே நான் தொலைக்காட்சிக்கு முன்னால் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வெளியே போய்க் கொஞ்சம் நடந்தால் மூச்சு வரும் போலிருந்தது. ஆனால் நடக்க வேண்டுமென்றால் அந்தப் பலூன்களுக்கு நடுவால் போக வேண்டும். கதவு வரை போய்த் திரும்பி வந்து இருந்தேன்.

மே மாதம் எல்லாம் முடிந்தது. பிறகு ஒருநாள் தம்பியின் மனைவி முகாமிலிருந்து யாரோ ஒருவரின் போனில் எடுத்தாள்.

"மச்சாள், நானும் பிள்ளையும் இருக்கிறம். அவரைத்தான் காணேல்ல."

கடலேரியைக் கடக்கும்போது நெரிசலில் கை விட்டுப்போயிற்றாம். பிள்ளை இவளுடைய தோளில். அவன் ஒரு பையோடு பின்னால் வந்தானாம். திரும்பிப் பார்த்தபோது வேறு முகங்கள்தான் இருந்தனவாம்.

"மச்சாள், நான் பொட்டு வைக்கிறதோ, விடுறதோ?"

"வையும்" என்றேன். போன் அறுந்துவிட்டது.

அடுத்த கிழமை தமிழ்ப் பாடசாலையை நடத்துகிற அண்ணை வந்தார். இருபது வருடமாய் எங்களைத் தெரிந்தவர். அஞ்சலிக் கூட்டம் வைக்க மண்டபம் வேண்டும் என்றார். நான் தலைவரிடம் கேட்டேன். அவருக்குப் பக்கத்தில் சங்கச் செயலாளர் இருந்தார். போருக்கே போகாத, ஓய்வுபெற்ற மனிதர். செயலாளர் முடியாது என்றார். வெளிநாட்டு அரசியல் இந்த மண்டபத்துக்குள் வரக் கூடாது, வந்தால் ஹவுஸ்மைஸ்டர் ஒப்பந்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். தலைவர் குறுக்கிட்டு, "இறந்தவர்களுக்கு என்றால் வைக்கட்டும். படங்கள் வைக்கலாம், மெழுகுதிரி கொளுத்தலாம். கொடி வேண்டாம், பேச்சு வேண்டாம்" என்றார்.

அதை அண்ணையிடம் சொன்னேன். அவருடைய முகம் கறுத்தது.

"கொடி இல்லாமல் என்ன அஞ்சலி? சாவி உங்களிட்டத்தானே இருக்கு. அவையளுக்கு என்னண்டு தெரியப்போகுது?"

"அண்ணை, எனக்கு வேற வீடில்லை."

"அங்க சனத்துக்கு ஒரு வீடும் இல்லை, தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். போனாலும் ஒத்துக்கொண்டார். வேறு மண்டபம் ஒருவரும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூட்டம். மண்டபம் நிரம்பி வெளியிலும் சனம் நின்றது. பலகைகளுக்குக் கீழே நீள மேசைகளைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அவரவர் வீட்டில் போனவர்களின் படங்களை வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூமாலை, ஒரு சிறிய மெழுகுதிரி. தலைவர் கறுப்புக் கோட்டோடு வந்து கடைசி வரிசையில் இருந்தார். நான் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டோடு வெளியே வந்து மேசை ஓரமாய் நடந்தபோது என் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அவனுடைய கலியாணப் படம். பக்கத்தில் நின்ற பெண்ணை வெட்டிவிட்டு அவனை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். அவளுடைய விரல்கள் இன்னும் அவனுடைய கையில் இருந்தன. அந்தப் படம் எங்கள் அல்பத்தில் மட்டும்தான் உண்டு. நான் நிமிர்ந்து கணவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தட்டை மேசையில் வைத்தேன். மாலையைக் கழற்றினேன். மெழுகுதிரியை விரலால் அணைத்தேன். படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

அண்ணை பக்கத்தில் வந்து, "எல்லாருக்கும் துக்கம்தான். வையுங்கோ" என்று மெதுவாய்ச் சொன்னார்.

"என்ர தம்பி செத்திட்டான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? ஆர் கண்டது?"

நான் கத்தியிருக்கிறேன். எனக்கு அது தெரியவில்லை. மேசைக்கு முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பி என்னைப் பார்த்தா. என் வயதுதான் இருக்கும். அவவின் கையில் தீப்பெட்டி. தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது அவவின் மகனுடைய படம்.

"அப்ப நான் வைச்சது பிழையோ?" என்று கேட்டா. "நானும் காணேல்ல. ஆக்கள் சொல்லித்தான் வைச்சனான். எடுக்கட்டோ?"

கோபமாய்க் கேட்கவில்லை. உண்மையாகவே என்னிடம் கேட்டா. படத்தோடு படியேறி மேலே போய்விட்டேன்.

மேலே போய் என்ன? தரை வழியாகத் தேவாரம் கேட்டது. பிறகு அந்தப் பெண் அழுதது கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு கட்டிலில் இருந்தேன். ஓடிப்போவதற்கு எனக்கு வேறு வாசல் இல்லை. கூட்டம் முடிந்ததும் நான்தான் இறங்கிப் போய்க் கோப்பைகளைக் கழுவினேன், நிலத்தில் சிந்தின மெழுகைக் கத்தியால் சுரண்டினேன், கதவைப் பூட்டினேன். அந்தப் பெண் மகனின் படத்தைக் கொண்டு போனாவா, விட்டுவிட்டுப் போனாவா என்று மேசையைப் பார்த்தேன். மேசை வெறுமையாய் இருந்தது.

"நீர் எத்தினை நாளைக்கு அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்?" என்றார் கணவர். "ஆரும் ஒருத்தர் அழுது முடிச்சால்தானே மற்றதைப் பார்க்கலாம்."

"நீங்கள் அழுங்கோ. என்ர படத்தைத் தொடாதேங்கோ."

அடுத்த நாள் காலை தலைவர் வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதிரையை இழுத்து மூன்றாவது பலகைக்கு முன்னால் போட்டு, மடங்காத காலை நீட்டிக்கொண்டு இருந்தார். என்னையும் இருக்கச் சொன்னார்.

"உங்கள் கணவர் சொன்னார். என் கதையை நம்பிக்கொண்டுதான் நீங்கள் இருக்கிறீர்களாம்."

நான் பலகையில் அவருடைய பெயரைப் பார்த்தேன்.

"என் பெயருக்குக் கீழே பாருங்கள். அது என் தம்பி. நான் வருவதற்கு முன்னால் அம்மா இரண்டு பேருக்கும் தேவாலயத்தில் பூசை வைத்து முடித்திருந்தார். எங்கள் உடுப்புகளை எல்லாம் கொடுத்துவிட்டார். பிறகு நான் வந்தேன். அன்றிலிருந்து அவர் தம்பிக்காகக் காத்திருந்தார். நான் வந்தால் அவனும் வருவான்தானே? மேசையில் தட்டு, கட்டிலில் புதிய விரிப்பு. யாராவது கதவைத் தட்டினால் என்னைத் தள்ளிவிட்டு ஓடுவார். சாகும்வரை அப்படித்தான். நான் வராமல் இருந்திருந்தால் அவர் நிம்மதியாய் இருந்திருப்பார்."

"அப்படிச் சொல்லாதீர்கள்."

"எனக்கு எண்பத்தைந்து வயது. எப்படிச் சொன்னால் என்ன?" என்றார். "வருவான் என்றும் நான் சொல்லமாட்டேன், வரமாட்டான் என்றும் சொல்லமாட்டேன். என்னை உதாரணமாய் எடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்."

எனக்கு அவரில் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் பிடித்துக்கொண்டிருந்ததைப் பறித்துவிட்டு, அந்த இடத்தில் வைக்க ஒன்றும் தரவில்லை. அவர் போன பிறகு, எண்ணெய் பூசுகிற காலம் இல்லாவிட்டாலும் துணியை எடுத்து அந்த இரண்டு பெயர்களையும் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியாது.

இலையுதிர் காலத்தில் சங்கத்தையே கலைத்துவிட்டார்கள். கூட்டத்துக்கு வரக்கூடிய நிலையில் இருந்தவர்களை ஒரு காரில் ஏற்றலாம். மண்டபத்தை நகரசபை எடுத்துச் சின்னப் பிள்ளைகளுக்கான கின்டர்கார்ட்டன் ஆக்கியது. பலகைகளைக் கழற்றிச் சவக்காலைச் சிற்றாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமைகளுக்கு எங்கள் சனங்கள் ஒரு தொழிற்பேட்டையில் வேறு மண்டபம் கண்டுபிடித்தார்கள். எங்களை வீட்டை விடச் சொன்னார்கள். அதற்குள் நிரந்தர விசா கிடைத்திருந்ததால் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. மகள் மியூனிக்கில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி கிடைத்துப் போய்விட்டாள். போகிறபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அவரும் எசனில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு எடுத்தோம். அதற்குத் தனிவாசல் உண்டு. முதல் சனிக்கிழமை நான் சும்மா இறங்கித் தெருவில் நடந்தேன். சந்தி வரை போனதும் போன் அடித்திருக்குமோ என்று நினைவு வந்து, ஓட்டமாய்த் திரும்பி வந்தேன்.

தம்பியின் மனைவி முகாமிலிருந்து வெளியே வந்து என் அம்மாவோடு யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கிழமைக்கு ஒருமுறை கதைப்போம். ஒவ்வொரு முறையும் பொட்டைப் பற்றிக் கேட்பாள், நான் "வையும்" என்பேன். அடுத்த வருடம் ஒருநாள் அவள் அதைக் கேட்கவில்லை.

"மச்சாள், தையல் வேலை ஒண்டு கிடைச்சிருக்கு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க தகப்பன் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். மாமியும் சம்மதம். வாற மாதம் அவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யப்போறம். நீங்கள் கோவிக்கக் கூடாது. எனக்கு ஏலாமல் போச்சு."

"ஓம்" என்றேன். அவளுக்கு முப்பது வயதுகூட இல்லை. வேறு என்ன சொல்ல?

அந்த நாள் வந்தது. என் கணவர் விடியவே குளித்து, சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். அவருக்கு மைத்துனன்தான், ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தார். நான் கடைக்குப் போய்ப் பாரைமீன் வாங்கி வந்தேன். மரக்கறி சமைத்தால் நானும் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன். அவர் தானே குனிந்து வேறு சட்டி எடுத்து, தனக்குப் பருப்பும் பூசணிக்காயும் சமைத்தார். ஒரே அடுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சமையலும் வெந்தன. மத்தியானம் மேசையில் எதிரெதிரே இருந்தோம். அவர் தலைவாழை இலைக்குப் பதிலாக ஒரு புதிய தட்டில் படைத்துவிட்டுச் சாப்பிட்டார். நான் மீனைப் பிசைந்தேன். விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து, அன்றைக்கு அந்தியேட்டி என்று தெரிந்த மகள் மியூனிக்கிலிருந்து எடுத்தாள்.

"அம்மா, இண்டைக்கு என்ன சமையல்?"

"மீன்" என்றேன்.

"சரி அம்மா, சாப்பிடுங்கோ. நான் பிறகு எடுக்கிறன்" என்றாள்.